வலது கை பாக்கி

ரத்துக் கடிதத்தின் நான்காவது பத்தியைச் சித்தி மூன்று முறை சத்தமாக வாசித்தாள். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை அழுகையோடு. மூன்றாம் முறை பாதியிலேயே சிரிப்பு வந்து, கடிதத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மேற்படி நிறுவனத்தின் மாணவர்கள், ஆய்வுக்குச் சென்ற அலுவலரின் காலணிகளைக் கழற்றி, கால்களை வெந்நீரில் கழுவி, தலை வாரி, ஆப்பிள் துண்டுகளை ஊட்டி, இடது கை நகங்களை மட்டும் வெட்டியுள்ளனர்."

"வெந்நீர் இல்ல மேடம், வெதுவெதுப்பான தண்ணி," என்றார் மாணவர் கிரேன். "முழங்கையை வச்சுப் பாத்துட்டுத்தான் கழுவினேன்."

"அது ஒண்ணுதான் இப்பக் குறைச்சல்," என்றாள் சித்தி.

சித்தியின் பள்ளி ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. மறதி நோய் வந்த பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆட்களைத் தயார் செய்யும் பள்ளி. ஒன்பது மாதப் படிப்பு. ஒரு கோடியில் ஆபீஸ், மறு கோடியில் ஆறு கட்டில் போட்ட பயிற்சி வார்டு, நடுவே நீளமான நடை. எந்நேரமும் புது ரப்பர் வாசனை. நான் சித்தியின் அக்கா மகள். ஆபீஸைப் பார்த்துக்கொள்வது, ரிஜிஸ்டர் எழுதுவது, போனை எடுப்பது என் வேலை. ஜன்னல் வழியாக மேகம் பார்ப்பதும் என் வேலை என்று சித்தி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வருஷம் பதினான்கு மாணவர்கள். அவர்களில் மூத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர்தான் கிரேன். இருபது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கிரேன்கள் தாமே ஓட ஆரம்பித்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார். ஆள் பீரோ மாதிரி இருப்பார். ஆனால் தலையணையை மாற்றினால் படுத்திருப்பவருக்குத் தெரியாது. கப்பலில் கண்ணாடிச் சரக்கு இறக்கிய கை. ஆற்றோரத்து முதியோர் இல்லம் ஒன்று அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். சான்றிதழோடு. வேலைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளை ஷூ ஒரு ஜோடி வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வார்டு அலமாரியில் வைத்திருந்தார். "சான்றிதழ் கைக்கு வரட்டும், அப்புறம் காலுக்கு வரட்டும்," என்பார்.

பயிற்சி ஆணையத்தின் பதிவு இல்லாத பள்ளி கொடுக்கும் சான்றிதழ் வெறும் காகிதம். அந்தப் பதிவைத்தான் இப்போது ஆணையம் ரத்து செய்திருந்தது. அதற்குக் காரணம் யார் என்று கேட்டால், கிரேன் தன்னைச் சொல்வார், சித்தி தன்னைச் சொல்வாள். உண்மையில் நான்தான்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வாரம் ஒரு நாள் ஒரு 'விருந்தாளி' வருவார். சித்தப்பாவின் நாடகக் குழு ஆட்கள் மறதி நோயாளியாக நடிக்க வருவார்கள். யார், எப்போது, எப்படி வருவார் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. அன்று காலை நான் வார்டு டைரியில் எழுதி வைக்கும் நாலு வரிக் குறிப்பு மட்டும்தான் இருக்கும். ஒரு வாரம் கப்பல் தலைவர். ஒரு வாரம் தன் கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதென்று அலறும் எண்பது வயது மணப்பெண். ஒவ்வொருவருக்கும் நான் அட்டையில் அடையாள அட்டை செய்து கொடுப்பேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பள்ளியில் எனக்குப் பிடித்த ஒரே வேலை அதுதான்.

வார்டுச் சுவரில் மூன்று விதிகள் எழுதியிருக்கும். மறுக்காதே. அவசரப்படுத்தாதே. மணி அடிக்கும்வரை நாடகத்தை விட்டு வெளியே வராதே. மணி சித்தியின் மேஜை மேல் இருக்கும். சித்தியைத் தவிர யாரும் அடிக்கக் கூடாது.

அந்த மாதத்துக்குள் ஆணையத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். என்றைக்கு என்று சொல்லவில்லை. என் தலை நிறைய ஆய்வு. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை டைரியில் நான் எழுதியது இது: "பத்து மணி. விருந்தாளி, ஓய்வுபெற்ற அதிகாரி. இன்னும் வேலையில் இருப்பதாக நம்புகிறார். பள்ளியை ஆய்வு செய்ய வந்திருப்பதாகச் சொல்வார். ரிஜிஸ்டர் கேட்பார். கோபக்காரர்."

பத்து மணிக்கு டயர் கடைக்காரர்கள் முன் படிக்கட்டை அடைத்துச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆணையத்தின் ஆய்வாளர் பின் படிக்கட்டு வழியாக ஏறி, நேரே வார்டுக்குள் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கைப்பை, சட்டைப் பையில் நான்கு பேனா.

"நான் ஆணையத்துலேருந்து வர்றேன். ஆய்வு. ரிஜிஸ்டர் எடுங்க," என்றார்.

பதினான்கு பேரும் மலர்ந்துபோனார்கள்.

"வாங்க ஐயா, வாங்க," என்றார் கிரேன். "என் பேரைச் சொல்லிடுறேன், அப்புறம் உங்க கையைப் பிடிக்கலாமா?"

ஆய்வாளர் அடையாள அட்டையை நீட்டினார். அது கைமாறிக் கைமாறிப் போனது. "இந்த வாட்டி அட்டை பிரமாதமா பண்ணியிருக்காங்கடி," என்றாள் வளவளா. கால் சென்டரில் ஆறு வருஷம் பேசிவிட்டு வந்த அக்கா அவள். தூக்கத்திலும் நன்றி சொல்லித்தான் போனை வைப்பாள்.

கோட்டையும் பையையும் பத்திரமாக லாக்கரில் வைத்தார்கள். உடைமைகளுக்கு ரசீது கொடுத்தார்கள். பழக்கதோஷம், ஆய்வாளர் அதில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இருபது நிமிஷம் கழித்து, சரக்கு இறங்கி முன் படிக்கட்டு திறந்தது. ஆபீஸ் வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். நரைத்த புருவம், இறுக்கிய உதடு. நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

"ரிஜிஸ்டர்," என்றார்.

சித்தி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நான் ஒன்பது மாத வருகைப் பதிவேடுகளையும் கொண்டுவந்து அடுக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, சிவப்புப் பேனாவைத் திறந்து, முதல் பக்கத்தில் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் நின்றோம்.

அவர் விருந்தாளி. வழக்கமாக வருபவருக்குப் பல்வலி என்று சித்தப்பா அனுப்பிய புது ஆள். நடிக்க வந்ததே முதல் தடவை. அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். என்ன நடந்தாலும் மணி அடிக்கும்வரை பாத்திரத்தை விட்டு இறங்காதீர்கள் என்று சித்தப்பா சொல்லியனுப்பியிருந்தார். அட்டையை பஸ்ஸில் விட்டுவிட்டாராம்.

ஆக, அட்டையோடு வந்தவரை யாரும் நம்பவில்லை. அட்டை இல்லாதவரை நாங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டோம்.

வார்டில் அதற்குள் நிலைமை எங்கேயோ போயிருந்தது. ஆய்வாளர் வெளியேறப் பார்த்தார். கதவைக் காணோம். வார்டுக் கதவின் உள்பக்கம் முழுக்கப் புத்தக அலமாரி வரைந்திருக்கும். மறதி உள்ளவர்கள் கதவைக் கண்டால் வெளியே போகத் துடிப்பார்கள், அலமாரியைக் கண்டால் நின்றுவிடுவார்கள் என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு. வரைந்தவள் நான். முதுகுகளில் உலகத்தில் இல்லாத புத்தகங்களின் பெயர்களாக எழுதியிருந்தேன். 'நிலவுக்குப் போன தபால்'. 'ஏழு குடைகளின் வரலாறு'. 'காணாமல் போன செவ்வாய்க்கிழமை'. ஆய்வாளர் அவற்றில் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார்.

"படிக்கணும்னு ஆசையா இருக்கா ஐயா? நான் வாசிச்சுக் காட்டட்டுமா?" என்றாராம் கிரேன்.

அடுத்து அவர் போன் கேட்டார். அவருடைய போன் லாக்கரில், கோட்டுக்குள். வார்டில் ஒரு பழைய மேஜைப் போன் உண்டு. அதில் எந்த எண்ணைச் சுழற்றினாலும் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு போன்தான் அடிக்கும். மறைந்துபோன அண்ணனைக் கூப்பிட வேண்டும் என்பவர்களுக்காக வைத்திருந்தது. ஆய்வாளர் ஆணையத்தைக் கூப்பிட்டார்.

"வணக்கம், ஆணையம். உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்றாள் வளவளா.

அவர் புகாரைக் கொட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டு, இடையிடையே "ரொம்ப வருத்தமா இருக்கு சார்" சொல்லி, கடைசியில் புகார் எண்ணும் கொடுத்தாள். எழுபத்தேழு. அந்த எண் கிடைத்ததும் மனிதருக்குப் பெரிய ஆறுதல். முறையாகப் புகார் கொடுத்தாகிவிட்டது, இனி மேலிடம் பார்த்துக்கொள்ளும் என்று கட்டிலில் சாய்ந்துவிட்டார். பத்தே நிமிஷத்தில் குறட்டை.

பன்னிரண்டே காலுக்கு, ஆபீஸில் பிழைதிருத்துநர் கடைசிப் பதிவேட்டை மூடினார். பேனாவையும் மூடினார். சித்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் பாத்தாச்சு," என்றார். "எப்ப என்னைப் படுக்க வைப்பீங்க?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் நடையில் ஓடிய ஓட்டம் கீழே டயர் கடையில் தூசியாக உதிர்ந்ததாம். மணியைக் கையில் எடுத்திருந்தாள், ஆனால் அடிக்க மறந்து ஓடினாள். அது தானாகவே அடித்துக்கொண்டு போயிற்று.

நான்காம் கட்டிலில் ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். வாரிய தலை, கழுவிய கால். மடியில் துண்டு. கிரேன் இடது கை சுண்டுவிரலை முடித்துவிட்டு வலது கையை எடுக்கப்போன நேரம்.

பிழைதிருத்துநர் சித்தியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "வேஷம் ரொம்ப இயல்பா இருக்கு சார். எத்தனை வருஷமா பண்றீங்க?" என்றார்.

"இருபத்திரெண்டு வருஷம்," என்றார் ஆய்வாளர்.

* * *

மேல்முறையீட்டுக்கு இருபத்தொரு நாள் இருந்தது. சித்தி வக்கீல் வைக்க மறுத்துவிட்டாள். "என் வார்டுல நடந்ததை நான்தான் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் கதை மாதிரி இருக்கும்."

"நீ சொன்னாலும் கதை மாதிரிதான் இருக்கும்," என்றார் சித்தப்பா.

"உங்களுக்குப் பல்வலி வந்திருக்கக் கூடாதா? அவருக்கு ஏன் வந்துச்சு?"

வார்டில் ஒத்திகை நடந்தது. சித்தி வாதாட வேண்டும், மாணவர்கள் எதிர்த் தரப்பு வக்கீலாக மாறி மாறி நின்று மடக்க வேண்டும். ஒன்றும் தேறவில்லை. ஒன்பது மாதம் மறுத்துப் பேசாமல் பழகியவர்கள்.

"கடுமையா எதிர்க் கேள்வி கேளு," என்றாள் சித்தி வளவளாவிடம்.

"ஆமா மேடம். நீங்க சொல்றது புரியுது மேடம். உங்க நிலைமையில யாரா இருந்தாலும் அப்படித்தான் தோணும்."

"எதிர்க்கச் சொன்னேன்டி!"

"எதிர்க்கணும்னு நீங்க நினைக்கிறது நியாயம்தான் மேடம்."

விசாரணை இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை. ஒன்றாம் தேதி திங்கள். கிரேன் தன் வெள்ளை ஷூ பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தீர்ப்பாயத்துக்கு வந்தார். ஜெயித்தால் அப்படியே போட்டுக்கொண்டு போவாராம். தோற்றால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவாராம், பில் வைத்திருந்தார். அதை அவர் அவ்வளவு அமைதியாகச் சொன்னார். நான் ஒரு துணிப்பையில் ஒன்பது மாதப் பதிவேடுகளையும் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன்.

தீர்ப்பாயம் என்றதும் நான் தூண்களை நினைத்திருந்தேன். அது நான்காம் மாடியில் ஒரு அறை. நீளமான மேஜை, தண்ணீர் ஜக்கு, மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. தலைவர் இருமல் மிட்டாய் சப்பும் ஒரு அம்மா. ஆணையத்தின் வக்கீல் இளைஞர். அவருடைய கோப்பில் மயில் தோகைபோல வண்ண வண்ணத் தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவருக்குப் பக்கத்தில் ஆய்வாளர். சாம்பல் கோட்டு, நான்கு பேனா. எங்களைக் கண்டதும் இடது கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

வக்கீல் எழுந்தார். "ரத்துக்கு ரெண்டு அடிப்படை அம்மா. ஒண்ணு, ஆய்வைத் தடுத்தாங்க. ரிஜிஸ்டர் கேட்டவரை ரெண்டு மணி பத்து நிமிஷம் கட்டில்ல வச்சிருந்தாங்க. பொய்யான புகார் எண் ஒண்ணு குடுத்திருக்காங்க. அந்த எழுபத்தேழாம் நம்பரை ஆணையத்துல ரெண்டு நாள் தேடியிருக்கோம். ரெண்டாவது, செய்முறைப் பயிற்சி நடந்ததுக்கு அங்க எந்த ஆதாரமும் காணப்படல."

சித்தி எழுந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அம்மா, ஆதாரம் காணப்படலன்னு சொல்றாங்க. ஆதாரம் கட்டில்லயே படுத்திருந்துச்சு. அவர்தான் ஆதாரம்."

தலைவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "கொஞ்சம் விளக்குங்க."

சித்தி இரண்டு காகிதங்களை நீட்டினாள். ஒன்று அன்றைய பராமரிப்புக் குறிப்பேடு. விருந்தாளிக்குச் செய்யும் எல்லாவற்றையும் மாணவர்கள் நேரத்தோடு எழுத வேண்டும். தலைவர் அங்கங்கே சில வரிகளைச் சத்தமாகவே வாசித்தார்.

"பத்து பன்னிரண்டு. அதிகாரி என்கிறார். ஒப்புக்கொண்டோம். பத்து இருபது. ரிஜிஸ்டர் கேட்கிறார். ஆகட்டும் என்றோம். பத்து முப்பத்தைந்து. அலமாரியிலிருந்து புத்தகம் எடுக்க முயல்கிறார். பத்து நாற்பது. ரிஜிஸ்டர் கேட்கிறார். ஆகட்டும் என்றோம். பதினொன்று ஐந்து. ஆணையத்துக்குப் பேசினார். முகம் தெளிந்தது. பதினொன்று பதினைந்து முதல் பதினொன்று ஐம்பத்தைந்து வரை நல்ல தூக்கம். பன்னிரண்டு. ரிஜிஸ்டர் கேட்கிறார். பன்னிரண்டு ஐந்து. ஆப்பிள், ஆறு துண்டு. பன்னிரண்டு பத்து. நகம். இடது கை முடிந்தது. வலது கை பாக்கி."

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் தோள் குலுங்கியது.

"அந்தப் புத்தகம் என்ன?" என்று தலைவர் ஆய்வாளரைக் கேட்டார்.

"ஏழு குடைகளின் வரலாறு," என்றார் அவர் உடனே. "இழுத்துப் பாத்தேன். வரல."

தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று யோசித்தேன்.

இரண்டாவது காகிதம் ஆணையத்தின் செய்முறைப் படிவம். பராமரிப்பு மாணவர்களுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று ஆணையமே அச்சடித்த பத்தொன்பது கேள்விகள். "இதை நானே கேட்டுப் பாத்துடுறேன்," என்றார் தலைவர். "நீங்க பாத்ததை, இல்ல, பட்டதைச் சொல்லுங்க. தொடுறதுக்கு முன்னாடி பேரைச் சொல்லி அனுமதி கேட்டாங்களா?"

ஆய்வாளர் வக்கீலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். படிவத்தைக் கண்டால் பேனா எடுக்காமல் இருக்க அந்த மனிதரால் முடியாது.

"கேட்டாங்க." ஒரு டிக்.

"தண்ணியோட சூட்டைப் பாத்தாங்களா?"

"முழங்கையால." டிக்.

கிரேன் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

"திரை போட்டாங்களா?"

"போட்டாங்க."

"உடைமைகளுக்கு ரசீது?"

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நீங்க சொன்னதைப் பொய்னு சொன்னாங்களா? கேலி பண்ணினாங்களா?"

ஆய்வாளர் பேனாவை நிறுத்தினார். "இல்ல. அங்க நான் சொன்ன எதையும் யாரும் மறுக்கல. இருபத்திரெண்டு வருஷமா ஆய்வுக்குப் போறேன் அம்மா. என்கூட யாரும் வாதாடாத ஒரே இடம் அதுதான்."

வக்கீல் அவர் கோட்டு நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். ஆய்வாளர் கோட்டை விடுவித்துக்கொண்டு அடுத்த டிக்கைப் போட்டார். எங்கள் பக்கத்துப் பெஞ்சில் ஒவ்வொரு டிக்குக்கும் பதினான்கு பேர் மூச்சை இழுத்து விட்டார்கள். பதினொன்றாம் கேள்வி வந்தபோது சித்தி என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அறையே லேசாகத் தரையை விட்டு எழும்புவதுபோல் இருந்தது, நான்காம் மாடி ஐந்தாம் மாடியாகிக்கொண்டிருந்தது.

"பன்னிரண்டு," என்றார் தலைவர். "பராமரிக்கப்படுபவர் கேட்டதைக் காதில் வாங்கி, முடிந்தவரை செய்து தந்தார்களா?"

பேனா நின்றது.

"இல்ல," என்றார் ஆய்வாளர். "ரிஜிஸ்டர் கேட்டேன். பதினோரு தடவை. ஆகட்டும், ஆகட்டும்னாங்க. கொண்டு வரல."

வக்கீல் துள்ளி எழுந்தார். "இதைத்தான் அம்மா நாங்களும் சொல்றோம்!"

அறை மறுபடி நான்காம் மாடிக்கு இறங்கியது. சித்தி எழுந்து நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள், சண்டை போடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தாள்.

"அது தப்புதான்," என்றாள்.

"சித்தி," என்றேன்.

"இரு. தப்புதான் அம்மா. அவர் அதிகாரியோ, அதிகாரின்னு நினைச்சுக்கிட்ட நோயாளியோ, அதை விடுங்க. நோயாளியாவே இருக்கட்டும். ஒருத்தர் பதினோரு தடவை ரிஜிஸ்டர் கேட்டா, ஒரு ரிஜிஸ்டரைக் கொண்டுபோய் மடியில வைக்கணும். ஆமாம்னு தலையாட்டுறது மட்டும் பராமரிப்பு இல்ல. நான் மறுக்காதேன்னு சுவர்ல எழுதினேன். செஞ்சு குடுன்னு எழுதல. அது என் பாடத்துல உள்ள ஓட்டை. என் பிள்ளைங்க தப்பு இல்ல." ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு எங்க பாடத்தை ஒழுங்கா செஞ்சிருந்தாலே உங்க ஆய்வு நடந்து முடிஞ்சிருக்கும்."

தலைவர் படிவத்தின் பன்னிரண்டாம் கேள்வியை மறுபடி பார்த்தார்.

அப்போது கிரேன் எழுந்தார். ஷூ பெட்டியைப் பெஞ்சில் வைத்தார். என் காலடியிலிருந்த துணிப்பையிலிருந்து பதிவேடுகளை ஒரே அள்ளாக அள்ளினார். கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதுபோல் ஒரு சத்தம் இல்லாமல் அவற்றை ஆய்வாளருக்கு முன்னால் இறக்கினார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னே நகர்த்திக் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படாதபடி தானே நகர்ந்து நின்றார்.

"ஐயா, நீங்க கேட்ட ரிஜிஸ்டர்," என்றார். "கொண்டுவரக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

வக்கீல் வாயைத் திறந்தார். தலைவர் கையை உயர்த்தினார். "இருபது நிமிஷம் இடைவேளை. யாரு வேணா எதை வேணா படிக்கலாம்."

யாரும் வெளியே போகவில்லை. ஆய்வாளர் முதல் பதிவேட்டைத் திறந்தார். முதல் பக்கம், முதல் வரி. விரல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. மூன்றாம் பக்கத்தில் நின்றது.

"இங்க ஒரு வருகை விடுபட்டிருக்கு. சிவப்பு மையில யாரோ திருத்தியிருக்காங்க. யாரு?"

நான் எழுந்தேன். "அந்த, இன்னொரு அதிகாரி சார்."

அவர் அடுத்த திருத்தத்தைப் பார்த்தார். அதற்கடுத்ததை. கூட்டிப் பார்த்தார், தேதியைச் சரிபார்த்தார். அவர் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை நான் அதற்கு முன் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். வெளியூர் ரயிலில் தன் மொழி பேசும் ஆளைக் கண்டுபிடித்தவர்களின் முகத்தில்.

"மொத்தம் ஒன்பது பிழை," என்றார் கடைசியில். "ஒன்பதையும் பிடிச்சிருக்கார். நானா இருந்தா எட்டுதான் பிடிச்சிருப்பேன்." பதிவேட்டை மூடி, உள்ளங்கையால் அட்டையைத் தடவினார். "ஆளு இப்ப எங்க இருக்கார்?"

"நாடகம் போட்டுக்கிட்டிருக்கார் சார்."

"வீணா போறார்," என்றார் ஆய்வாளர்.

இடைவேளைக்குப் பிறகு தலைவர் அதிகம் பேசவில்லை. வேண்டுமென்றே யாரும் ஆய்வைத் தடுக்கவில்லை. செய்முறைப் பயிற்சி நடந்ததற்கு ஆணையத்தின் அலுவலரே சாட்சி. சாட்சி மட்டுமல்ல, என்று சொல்லி இருமினார். பதிவேடுகள் இப்போது பார்க்கப்பட்டுவிட்டன. பன்னிரண்டாம் கேள்வியில் கண்ட குறையை ஒரு மாதத்துக்குள் பாடத்தில் திருத்த வேண்டும். பதிவை ரத்து செய்த உத்தரவு, இன்றே, இந்த நிமிஷமே, செல்லாது.

அந்தப் பெஞ்சில் பதினான்கு பேர் இருந்தார்கள் என்பது அவர்கள் ஒரே நேரத்தில் எழுந்தபோதுதான் பெஞ்சுக்கே தெரிந்தது. சித்தி என்னைக் கட்டிப்பிடித்தாள், சித்தப்பாவைக் கட்டிப்பிடித்தாள், தவறுதலாக எதிர்த் தரப்பு வக்கீலையும் கட்டிப்பிடித்தாள். வளவளா எல்லோரிடமும் அழைத்ததற்கு நன்றி சொன்னாள். கிரேன் மட்டும் குனிந்து, பெட்டியைப் பிரித்து, ஷூவுக்குள் திணித்திருந்த காகிதத்தை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். முதல் கால். இரண்டாம் கால். எழுந்து நின்றபோது ஷூ கீச்சென்றது. அவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

ஆய்வாளர் கோப்பைக் கட்டி எழுந்தவர், நின்றார். மறுபடி அவிழ்த்தார். குறிப்பேட்டின் கடைசி வரியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ஒரு வேலை முடிக்காம இருக்கு," என்றார். "பாக்கி வேலை இருக்கற கோப்பை நான் மூடி வழக்கமில்ல."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், வாங்க, கீழ வண்டி நிக்குது."

"நிக்கட்டும்."

ஆய்வாளர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டு, வலது கையை மேஜைமேல் நீட்டினார். கிரேனின் சட்டைப் பையில் நகவெட்டி எப்போதும் இருக்கும். புது ஷூ கீச்சிட நடந்துபோய், எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, மடியில் கைக்குட்டையை விரித்தார்.

"என் பேரைச் சொல்லிடுறேன் ஐயா. அப்புறம் உங்க கையைப் பிடிக்கலாமா?"

"தெரியும்," என்றார் ஆய்வாளர். "பரவாயில்ல, சொல்லு."